மூச்சுக்குழி

சூரியன் கடலில் இறங்கும் நேரத்தில், எங்கள் தீவின் மேற்குக் கோடியில் இருக்கும் நெக்ரிலில் எல்லாரும் மேற்கே திரும்பி நிற்பார்கள். நீளமான மணல்கரையில் சாய்ந்து கிடக்கிற வெள்ளைக்காரர்கள் எழுந்து உட்காருவார்கள். மேற்கு முனைப் பாறைகளின் மேல் இருக்கும் பார்களில் பாதி குடித்த கோப்பை அப்படியே கையில் நிற்கும். அந்த நேரத்தில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவள் எங்கள் ஊரிலேயே ஒருத்திதான். பெயர் ஐசில்டா. ஊருக்கு அவள் மிஸ் சில்டா.

வீட்டுக்கு வெளியே இருக்கும் சமையல் கொட்டகையில் நின்று, ஏற்கனவே தேய்த்துக் கவிழ்த்த பாத்திரத்தை மறுபடி எடுத்துத் தேய்ப்பாள். கைதான் பாத்திரத்தில் இருக்கும். காது இரண்டு வீடு தள்ளி, பாறை மூக்குக்கு அந்தப் பக்கம் ஸ்டெனட்டின் பாரில் இருக்கும். அங்கே தினமும் அந்த நேரத்துக்கு அவளுடைய ஒரே பிள்ளை ஆர்வில் பாறை உச்சியிலிருந்து கடலில் பாய்வான். முதலில் விருந்தாளிகளுக்காக அடிக்கிற மேளம் நிற்கும். அப்புறம் ஒரு அமைதி. அதற்குப் பிறகு கைதட்டல் வரும். கைதட்டல் வந்துவிட்டால் பிள்ளையின் தலை தண்ணீருக்கு மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த அமைதிக்கும் கைதட்டலுக்கும் நடுவில் அவள் கை தேய்த்த இடத்தையே தேய்க்கும். பிறகு பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு ஒரு மடக்கு இஞ்சித் தண்ணீர் குடிப்பாள். இப்படித்தான் ஒவ்வொரு நாளும் அவளுக்கு முடிந்தது.

பிள்ளை உயரத்திலிருந்து குதித்தால் எந்தத் தாய்க்கும் பயம் இருக்கும். இவளுடைய பயம் அதோடு நிற்கிற பயம் இல்லை. அதற்கு வேர் அவள் வீட்டு முற்றத்திலேயே இருந்தது. ஈரப்பலா மரத்துக்குக் கீழே, பாறையில் கிணற்று வாய் அகலத்துக்கு ஒரு ஓட்டை. எங்கள் பக்கத்துப் பாறையெல்லாம் உள்ளே பொக்கையாக இருக்கும். கடல் அரித்து அரித்து வீடுகளுக்கு அடியிலேயே குகை ஓடும். அப்படி ஒரு குகையின் உச்சந்தலைதான் அந்த ஓட்டை. அலை உள்ளே புகுந்தால் மேலே புஸ்ஸென்று காற்று வரும், இறங்கினால் முனகும். அதனால் அதற்கு மூச்சுக்குழி என்று பெயர். ஐசில்டா அதைத் தகரம் போட்டு மூடி, மேலே கல்லை அடுக்கி வைத்திருந்தாள். ஆட்டுக்குட்டி விழுந்துவிடும் என்று பிள்ளையிடம் சொல்லியிருந்தாள். அது பொய்.

அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது மேற்கு முனைக்கு ரோடு கிடையாது. பாறையோரமாக ஒற்றையடிப் பாதை, கலங்கரை விளக்கம், பத்துப் பதினைந்து வீடுகள், அவ்வளவுதான் ஊர். அப்பா எசேக்கியா மீன்கூடு போடுகிறவர். கடலிலேயே வாழ்க்கையை ஓட்டினாரே தவிர நீச்சல் தெரியாது. எங்கள் பழைய மீன்காரர்கள் நிறையப் பேருக்குத் தெரியாது. நீச்சல் தெரிந்தால் சாக நேரமாகும் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஒரு நாள் வாடைக்காற்று திடீரென்று கிளம்பி, தோணி திரும்பவில்லை. கரையில் உடைந்த துடுப்பு மட்டும் ஒதுங்கியது. ஊரே வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போனது.

அன்று பொழுது சாய்ந்ததும் அம்மா அல்மைரா கதவைச் சாத்திவிட்டு வேதப் புத்தகத்தில் சங்கீதம் படித்துக்கொண்டிருந்தாள். அப்போது முற்றத்தில் மூச்சுக்குழியிலிருந்து குரல் வந்தது.

"அல்மைரா."

அப்பாவின் குரல். குழந்தை துள்ளி எழுந்து, "இதோ அப்பா" என்று சொல்ல வாயைத் திறந்தாள். அம்மாவின் கை வந்து வாயைப் பொத்தியது. தேங்காய் எண்ணெயும் வெங்காயமும் மணக்கிற கை.

"பேசாத. பேசினா உன் மூச்ச எடுத்துட்டுப் போயிடும். டப்பி ரெண்டு தடவதான் கூப்பிடும். மனுசன்னா மூணாவதும் கூப்பிடுவான். இரு."

டப்பி என்றால் செத்தவர்களின் ஆவி. இருட்டுகிற நேரத்தில் ஆள் தெரியாமல் யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் மூன்றாவது குரல் வரும்வரை நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம். படித்தவன், படிக்காதவன், சர்ச்சுக்குப் போகிறவன், போகாதவன், யாரும் இதில் விதிவிலக்கு இல்லை. பள்ளிக்கூட ஆசிரியரே அப்படித்தான். கேட்டால் சிரிப்பார், ஆனால் பதில் கொடுக்க மாட்டார்.

"அல்மைரா." இரண்டாவது குரல் முன்னதைவிட மெல்லியதாக வந்தது.

தாயும் மகளும் காத்திருந்தார்கள். அலை புகுந்து புகுந்து குழி முனகியது. மூன்றாவது குரல் வரவில்லை. அம்மா கையை எடுத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். புருஷன் செத்துப்போனான் என்று அவளுக்கு அப்போதுதான் உறுதியானது.

சில நாள் கழித்துக் கடல் அடங்கியதும் ஆண்கள் குகைக்குள் தோணியை விட்டார்கள். எசேக்கியா உள்ளே ஒரு திட்டில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே, உட்கார்ந்த நிலையில் செத்துக்கிடந்தார். கடலே தூக்கி வைத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள். சாவு விழுந்தால் எங்கள் வழக்கப்படி ஒன்பது இரவும் முற்றத்தில் கூட்டம் கூடியது. வெள்ளை ரம், வறுத்த மீன், மரவள்ளி அடை, டாமினோ, பாட்டு என்று எல்லாம் முறைப்படி நடந்தது. ஆனால் உடம்பைக் கொண்டுவந்து இறக்கியபோது குழந்தை ஒன்றைப் பார்த்துவிட்டாள். அப்பாவின் இடுப்பில் மீன்கூட்டுக் கயிறு சுற்றியிருந்தது. அதில் அவர் கையால் போடுகிற இரட்டை முடிச்சு இருந்தது. அறுத்துத்தான் அவரைப் பாறையிலிருந்து எடுத்திருக்கிறார்கள். செத்துப்போனவன் தன்னைப் பாறையோடு கட்டிக்கொள்ள மாட்டான். ஏழு வயதுப் பிள்ளைக்கும் அது புரிந்தது.

நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் அந்த முடிச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் மூச்சுக்குழி மேல் தகரம் ஏறியது. அல்மைரா சாகிறவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, மகளும் கேட்கவில்லை. அன்றைக்குப் பதில் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி மட்டும் ஐசில்டாவோடு வளர்ந்தது. ஒருவேளை எப்படியும் செத்திருப்பார். ஒருவேளை இல்லை. அது தெரியாததுதான் அவளை அரித்தது.

அதற்குப் பிறகு ஊர் மாறிய கதை தனிக் கூத்து. முதலில் ரோடு வந்தது. ரோட்டைப் பிடித்துக்கொண்டு நீளமுடிக்கார அமெரிக்கப் பிள்ளைகள் வந்தார்கள். காலில் செருப்பில்லை, கையில் கித்தார். மரத்தடியில் தூங்கினார்கள், மழை வந்தால் எங்கள் வீட்டுக்குள் வந்தார்கள். ஐசில்டா ஒரு அறையை ஒழித்துக் கொடுத்து, அவர்களுக்குச் சோளக் கஞ்சி காய்ச்சி ஊற்றினாள். குளிக்கத் தெரியாத பிள்ளைகள் என்று திட்டிக்கொண்டே துணியும் துவைத்துப் போட்டாள். அப்புறம் மணல்கரையில் ஓட்டல்கள் முளைத்தன. தென்னை மர உயரத்துக்கு மேல் எதையும் கட்டக் கூடாது என்றார்கள். ஓட்டல்காரர்கள் தென்னையை எந்த ஊரில் போய் அளந்தார்களோ தெரியாது. இதற்கிடையில் ஆர்விலின் அப்பன் ஆப்பிள் பறிக்கிற ஒப்பந்தத்தில் அமெரிக்கா போனான். இன்னும் பறித்துக்கொண்டிருக்கிறான் போலிருக்கிறது. கில்பர்ட் புயல் வந்து கூரையைக் கொண்டுபோனது. அவளே நின்று புதுக்கூரை போட்டாள். புயலுக்குக்கூட அவள் அவ்வளவு பயப்படவில்லை. மூச்சுக்குழி மேல் இருந்த தகரம் பறந்து போனதைப் பார்த்ததும்தான் பயந்தாள். வீட்டுக் கூரைக்கு முன்னால் அதற்குத் தகரம் தேடினாள்.

ஸ்டெனட் பார் போட்டதும் தலைவலி கூடியது. ஆள் நல்லவன்தான். தொந்தியும் தொப்பியுமாக எல்லாரிடமும் சிரித்துப் பேசுவான். ஆனால் வாயைத் திறந்தால் கதை கட்டுவான். அந்தக் காலத்தில் திமிங்கிலத்தை அறுத்த ரத்தத்தால் சிவந்த வளைகுடாவை, கடற்கொள்ளைக்காரர்களின் ரத்தம் என்று வெளிநாட்டுக்காரர்களிடம் அடித்துவிடுவான். ஒரு நாள் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு நேராக இவள் முற்றத்துக்கே வந்துவிட்டான்.

"மிஸ் சில்டா, அந்தத் தகரத்தக் கொஞ்சம் நகத்துங்களேன். கேப்டன் ஒருத்தன் தங்கப் பெட்டியோட உள்ள விழுந்தான்னு சொல்லியிருக்கேன். இன்னும் முனகுறான்ல, கேக்கட்டும்."

"முனகுறது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"கதைதானே, மிஸ் சில்டா. அவங்களும் வந்ததுக்கு எதையாச்சும் பாத்துட்டுப் போக வேணாமா?"

"என் வெளக்கமாத்தப் பாத்துட்டுப் போகச் சொல்லு."

அவள் விளக்குமாற்றைக் கையில் எடுத்ததும் கூட்டம் அதையும் ஊர்க் கலை நிகழ்ச்சி என்று நினைத்துப் படம் எடுத்தது. ஸ்டெனட் தொப்பியைக் கழற்றிக் கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

அந்த ஸ்டெனட்டின் பாரில்தான் ஆர்வில் பாய்கிறவனாகப் போய்ச் சேர்ந்தான். கையை விரித்துக்கொண்டு பாய்வதால் 'சிறகு' என்று பட்டப்பெயர். தண்ணீருக்குப் பயப்படாத பிள்ளையாக வளரவேண்டும் என்று நடக்கத் தெரிந்ததுமே அவனை நீச்சலுக்கு அனுப்பியவள் இவள்தான். அது இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை.

அன்று தை மாதத்து வாடை இறங்கியிருந்தது. காலையிலிருந்தே கடல் பாறையில் மோதி மோதித் தரை அதிர்ந்தது. தகரத்துக்கு அடியில் மூச்சுக்குழி விடாமல் முனகியது. ஆர்வில் கொட்டகையில் நின்று ரொட்டியைப் பிய்த்து மென்றுகொண்டிருந்தான்.

"இன்னிக்குப் போகாத."

"ரெண்டு பஸ் வருதும்மா. ஓட்டல்லேர்ந்து ஸ்பெஷலா."

"பஸ்ஸு நாளைக்கும் வரும்."

"நீ தெனமும் இதையேதான் சொல்ற. சும்மா இருக்கற கடலும் உன் மொகத்தப் பாத்தா பயந்துக்கும்."

"சிரிக்காத. காத்து வடக்கேர்ந்து வருது. உங்க தாத்தா போனதும் இதே காத்துலதான்."

"தாத்தாவுக்கு நீச்சல் தெரியாது. எனக்குத் தெரியும்." அவள் கன்னத்தைத் தட்டினான். "கைதட்டு கேக்கும் பாரு. அப்புறம் மீன் வறுத்து வை. பசியோட வருவேன்."

ஸ்டெனட்டும் அன்று வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறான். பஸ்ஸில் வந்தவர்கள் மேளத்துக்குத் தாளம் போட்டு ஆர்விலின் பட்டப்பெயரைக் கூவவும், அவனுக்குத் தலை கால் புரியவில்லை. ஏறிவிட்டான்.

ஐசில்டா பாத்திரத்தை எடுத்துத் தேய்த்தாள். மேளம் நின்றது. அமைதி வந்தது. அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அமைதி நீண்டது. அலை ஒன்று வந்து போனது, இன்னொன்று வந்து போனது. யாராவது ஒருவராவது கைதட்ட வேண்டுமே என்று மனசுக்குள் கெஞ்சினாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் அலறும் சத்தம் கேட்டது.

பாத்திரம் எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. பாறைமேல் வெறுங்காலோடு ஓடினாள். ஸ்டெனட்டின் பாரில் எல்லாரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே வெள்ளை நுரையைத் தவிர ஒன்றும் இல்லை. விருந்தாளிகளுக்குக் கடலடியைக் காட்டுகிற கண்ணாடித்தரைப் படகுக்காரர்கள் இரண்டு பேர் படகைத் தள்ளப் பார்த்து, அலை அதைத் தூக்கித் திரும்பக் கரையிலேயே வீசியது. ஸ்டெனட்டின் முகத்தில் ரத்தமே இல்லை.

"பாஞ்சான், மிஸ் சில்டா. சரியாத்தான் பாஞ்சான். மேல வரல."

அவளும் குதிக்கப் போனாள். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு பெர்லீன், ஓலைத்தொப்பி விற்கிறவள், அவளை இடுப்போடு கட்டிப்பிடித்து வீட்டுக்கு இழுத்துவந்தாள். பின்னால் இன்னும் சில பெண்கள் வந்தார்கள். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். நெற்றியில் தைலம் தடவினார்கள். எங்கள் பெண்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கை தானாகவே செய்யும்.

பெர்லீன் கொடியில் கிடந்த படுக்கைவிரிப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். சாவு விழுந்த வீட்டில்தான் கண்ணாடியை மூடுவார்கள். ஐசில்டா அதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன செய்யற பெர்லீன்?"

பெர்லீன் கதவருகில் விரிப்போடு நின்றாள். "ஒண்ணுமில்ல சில்டா. சும்மா."

"அவன் இன்னும் சாகல. அதக் கொண்டுபோய்க் கொடியில போடு."

வானத்தில் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது. எங்கள் ஊரில் பொழுது சாய்ந்தால் சட்டென்று இருட்டிவிடும். பெர்லீன் விரிப்பை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்போது ஈரப்பலா மரத்தடியில், தகரத்துக்குக் கீழேயிருந்து, குரல் வந்தது.

"அம்மா."

முற்றத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. ஒருத்தி "இயேசுவே" என்று சொல்லிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அது ஆர்விலின் குரல். ஆனால் ஆர்விலின் குரலில் இருக்கிற சிரிப்பு அதில் இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, ஈரமாக, ஆளில்லாத குரலாக இருந்தது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் கேட்டதும் இப்படித்தான் இருந்தது.

அவள் வாயைத் திறப்பதற்குள் பெர்லீனின் கை வந்து பொத்தியது.

"வேணாம் சில்டா. வேணாண்டி. பதில் சொன்னா உன்னையும் கூட்டிட்டுப் போயிடுவான். மூணாவது வரட்டும். மனுசன்னா மூணாவது வரும்."

பெர்லீனின் கையில் வெங்காய வாசனை இல்லை. ஆனால் அதே இறுக்கம் இருந்தது. ஐசில்டா உட்கார்ந்த இடத்திலேயே ஏழு வயதுப் பிள்ளையாகிவிட்டாள். உள்ளதைச் சொல்வதென்றால், அவளுக்கும் பயம் இருந்தது. பதில் சொன்ன பிறகு கீழேயிருந்து என்ன வரும் என்ற பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. மூன்றாவதற்குக் காத்திருக்காமல் பதில் சொன்னால், இனி அது வராது, அவன் டப்பி ஆகிவிட்டான் என்று தானே ஒப்புக்கொள்கிற மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம். மூன்றாவது குரல் வந்துவிட்டால் பிள்ளை உயிரோடு இருக்கிறான். வரவேண்டுமே, வரவேண்டுமே என்று அவளும் மற்றவர்களோடு சேர்ந்து காத்திருந்தாள்.

"ம்மா."

இரண்டாவது குரல். பாதிதான் வந்தது.

அலை உள்ளே போனது. தகரம் மெல்ல அதிர்ந்தது. அலை வெளியே வந்தது. மூன்றாவதற்கான நேரம் வந்து, கடந்து, போய்க்கொண்டிருந்தது. ஐசில்டாவின் கண்ணுக்கு முன்னால் அப்பாவின் இடுப்பில் இருந்த அந்த இரட்டை முடிச்சு வந்து நின்றது.

அவள் பெர்லீனின் கையைக் கடித்தாள். ரத்தம் வருகிற அளவுக்குக் கடித்தாள்.

"பேயாவே இருக்கட்டும். பெத்தவ நான்தானே."

ஓடிப்போய்க் கற்களைத் தள்ளினாள். தகரத்தைப் பிடுங்கி எறிந்தாள். குழி விளிம்பில் குப்புறப் படுத்துத் தலையை உள்ளே விட்டாள். உள்ளே கும்மிருட்டு. உப்புக்காற்று முகத்தில் அடித்தது. தன் மூச்சை எடுத்துக்கொண்டு போகப்போகிறது என்று நம்பிக்கொண்டேதான் கத்தினாள்.

"இங்கதாண்டா இருக்கேன். அம்மா இங்கதான் இருக்கேன்."

பதில் இல்லை. பின்னால் பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். அவள் மறுபடி கத்தினாள். கீழேயிருந்து ஒரு இருமல் வந்தது. டப்பி இருமி யாரும் கேட்டதில்லை.

"பெர்லீன், கயிறு. ஸ்டெனட்டக் கூப்பிடு. சீக்கிரம்."

கடித்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டே பெர்லீன் ஓடினாள். அவ்வளவு உடம்பை வைத்துக்கொண்டு அவள் ஓடியதை நாங்கள் இன்றுவரை பேசுகிறோம். கயிறு வருகிறவரை ஐசில்டா பேச்சை நிறுத்தவில்லை. என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினாள்.

"போகாதன்னு சொன்னேனா இல்லையா? கேட்டியா? உங்கப்பன் புத்திடா உனக்கு. குழாய் ஒழுகுதுன்னு பத்து நாளா சொல்றேன், செஞ்சியா? விட்டுடாதடா, கயிறு வருது. அந்த லூசி பொண்ணக் கல்யாணம் பண்ணிக்கறேன்னு சொல்லிட்டு இழுத்தடிக்கற, அவ அப்பன் என்னைப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்கறான். கேக்குதாடா? எதையாச்சும் சொல்லித் தொலையேன்."

"...கேக்குது."

"பாறையப் புடிச்சிருக்கியா?"

"ஒரு கை."

"அந்த ஒரு கைய விட்ட, மேல வந்தப்புறம் ஒடச்சிடுவேன்."

ஸ்டெனட் பாரிலிருந்த படகுக் கயிற்றோடு வந்தான், பின்னால் படகுக்காரர்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் வந்த வெள்ளைக்காரர்களில் பாதியும். கயிற்றை இறக்கினார்கள். கீழே ஆர்விலுக்குத் தோள்பட்டை இறங்கிப்போயிருந்தது. ஒரு கையாலும் பல்லாலும் கயிற்றை அக்குளுக்கு அடியில் சுற்றிக் கட்டினான். அதற்குள் இரண்டு தரம் அலை அவனை மூடியது. இரண்டு தரமும் மேலே அவள் திட்டு நிற்கவில்லை, குரல் மட்டும் உடைந்தது. ஸ்டெனட் தொப்பியை வீசிவிட்டு, தொந்தியைப் பாறையில் முட்டுக்கொடுத்து இழுத்தான். எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள். கிழிந்த முதுகும் நீலம் பாரித்த உதடுமாக அவன் குழியிலிருந்து வெளியே வந்து புல்லில் விழுந்தான்.

வெளிநாட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். அவர்களுக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? ஐசில்டா அதைக் கேட்கவில்லை. அவள் அவன் மார்பில் இருந்த கயிற்றின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்து, முடியாமல் அதைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் சவானா-லா-மார் ஆஸ்பத்திரியில் அவனுக்கு நினைவு நன்றாகத் திரும்பியது. தோளைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அவள் மீன் குழம்பைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். குதித்ததும் அடியோட்டம் இழுத்தது என்றும், எதிர்த்து நீந்தினால் பாறையில் மோதிச் சிதறிவிடுவோம் என்று தெரிந்து, அதன் போக்கிலேயே உடம்பை விட்டு, வீட்டுக்கு அடியில் இருக்கும் குகைக்குள் வந்ததாகவும் சொன்னான்.

"ரெண்டு தடவ கூப்பிட்டேம்மா. ரெண்டாவதோட முடிஞ்சுது. மூச்சும் இல்ல, பலமும் இல்ல. கை தானா நழுவ ஆரம்பிச்சிடுச்சு. யாருக்கும் கேக்கல போலன்னு நெனச்சேன்."

அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். "அப்புறம்?"

"அப்புறம் நீ கத்தின. திட்டவேற ஆரம்பிச்சுட்ட. சரி, இவ திட்டி முடிக்கற வரைக்குமாவது புடிச்சிட்டிருப்போம்னு இருந்தேன்." சிரிக்கப் பார்த்து, தோள் வலித்து நிறுத்தினான்.

"நான் பதில் சொல்லலேன்னா?"

அவன் யோசிக்காமல் சொன்னான். "விட்டிருப்பேன். எதுக்குப் புடிச்சிட்டிருக்கணும்?"

அவன் ஒன்றும் தெரியாமல்தான் சொன்னான். அவள் கிண்ணத்தை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, தண்ணீர் பிடித்து வருவதாகச் சொல்லி வெளியே போனாள். தாழ்வாரத்தில் பெர்லீன் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். ஐசில்டா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நாற்பது வருஷமாக அடக்கிவைத்த அழுகையை அழுதாள். பிள்ளை பிழைத்த சந்தோஷத்தில் அழுகிறாள் என்று பெர்லீன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அதுவும் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அப்பாவால் ஏன் மூன்றாவது தடவை கூப்பிட முடியவில்லை என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. கயிற்றால் கட்டிக்கொண்டு காத்திருந்த மனுஷனுக்கு மேலேயிருந்து ஒரு வார்த்தை போதுமாக இருந்திருக்கும். அந்த வார்த்தை அவள் தொண்டை வரைக்கும் வந்துதான் இருந்தது.

ஆர்வில் இப்போது பாய்வதில்லை. கண்ணாடித்தரைப் படகு ஓட்டுகிறான், லூசியைக் கல்யாணமும் பண்ணிக்கொண்டான். ஐசில்டாவின் பயம் போய்விட்டது என்று சொன்னால் அது ஸ்டெனட் சொல்கிற கதை மாதிரி ஆகிவிடும். போகவில்லை. காற்று வடக்கே திரும்பினால் இன்றும் அவளுக்குச் சோறு இறங்காது. ஆனால் மூச்சுக்குழிக்கு மறுபடி தகரம் போடவில்லை. சுற்றிக் கம்பி வேலி மட்டும் கட்டினாள். ஸ்டெனட் ஆட்களைக் கூட்டிவந்தால் விளக்குமாற்றை எடுப்பதும் இல்லை. அவர்கள் குனிந்து விளையாட்டுக்கு "ஹலோ, ஹலோ" என்று குழிக்குள் கூப்பிடுவார்கள். முதல் ஹலோவிலேயே கொட்டகையிலிருந்து மிஸ் சில்டா "இங்க இருக்கேன்" என்று குரல் கொடுப்பாள். அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

யாரும் வராத சாயங்காலங்களும் உண்டு. கடல் கொந்தளித்து, குழி தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருக்கும். அப்போது அவள் பாத்திரத்தை வைத்துவிட்டு, ஈரக்கையோடு வேலியருகில் போய் நிற்பாள்.

"இங்கதான் இருக்கேன், அப்பா" என்பாள். "விட்டுடாதீங்க. கயிறு வருது."